செக் எஞ்சின் லைட் எரிந்த கதைகள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம்

கல்லடி

டாஷ்போர்டில் எஞ்சின் குறையைக் காட்டும் மஞ்சள் லைட், அதுதான் செக் எஞ்சின் லைட், எரிந்தவர்கள் ஊர்ப் பெயரை மேலே போட்டுத் தங்கள் கதையை எழுதுங்கள்; நானே தொடங்குகிறேன். கார் டொயோட்டா 141 அக்ஸியோ. போன மாரிக்கு முன்பு ஒரு நாள், டவுனில் இருந்து வரும்போது கல்லடிப் பாலத்தில் வைத்து மஞ்சள் லைட் எரிந்தது. ஓட்டத்தில் குறை இல்லை. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் விட்டால் மட்டும் எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். கராஜ் ஒன்றில் ஸ்கேன் பண்ணிப் பார்த்து, "பி0171. ஓ-டூ சென்சர் போய்ட்டுது தம்பி, மாத்துவம்" என்றார்கள். ஓ-டூ சென்சர் என்றால் சைலன்சர் பக்கம் போகும் புகையில் ஒட்சிசன் எவ்வளவு என்று பார்க்கிறது. பாவித்த சாமான், 18,000 ரூபா. மாற்றி, வண்டிக் கம்ப்யூட்டரில் விழுந்த அந்தக் குறை எண்ணையும் (கோட்) அழித்தார்கள். லைட் அணைந்தது, நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் ஆரையம்பதியில் வண்டியை நிறுத்தி நிற்கும்போது திரும்ப எரிந்தது. அதே பி0171.

அதற்குப் பிறகுதான் ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சொக்கற்றில் செருகி, போனில் நானே பார்க்கத் தொடங்கினேன். பி0171 என்றால் "முதல் பாங்கில் (சிலிண்டர் வரிசையில்) கலவை லீன்" என்று மட்டும்தான் அர்த்தம். பெற்றோலுக்கு அளவான காற்றை விட அதிகக் காற்று போகிறது. கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூட்டிக் கூட்டி விட்டும் சரிவரவில்லை. அந்தச் செய்தியைச் சொல்கிறதே ஓ-டூ சென்சர்தான். கள்ளன் வந்ததைக் குரைத்துச் சொன்ன நாயைக் கொண்டுபோய் விற்ற கதை என்னுடையது.

ஃபியூல் ட்ரிம் என்று ஒரு எண் ஆப்பில் வரும். கம்ப்யூட்டர் தன் கணக்கை விட எத்தனை வீதம் பெற்றோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது அது. பூச்சியத்துக்கு இரண்டு பக்கமும் 10 வரை இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். என் வண்டி ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் நின்ற இடத்தில் ஓடும்போது, கூட்டல் 21 காட்டியது. அக்சிலேட்டரை மிதித்து 2500-இல் பிடித்தால் 6-க்கு இறங்கியது. இந்த இறக்கம்தான் துப்பு. எங்கேயோ ஒரு ஓட்டை வழியே கள்ளக் காற்று உள்ளே போனால், ஐட்லிங்கில் எஞ்சின் எடுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்த ஓட்டைக் காற்று பெரிய பங்காகத் தெரியும். ரேஸ் பண்ணினால் மொத்தக் காற்றோடு அடிபட்டுப் போய்விடும். பெற்றோல் பம்ப் சோர்ந்திருந்தால் எதிர்மாறு: சுமை கூடக் கூட எண்ணும் கூடும்.

சரி, ஓட்டை எங்கே? எஞ்சினை ஓட விட்டு, குறட்டின் வாயில் பழந்துணியைச் சுற்றி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் இன்டேக் மானிஃபோல்டுக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தேன். மூன்றாவது குழாய், எஞ்சினுக்குள் தேங்கும் ஆவியைத் திருப்பி அனுப்பும் பி.சி.வி. வால்விலிருந்து வருவது. அதை மானிஃபோல்ட் பக்கமாக நசுக்கியதும் முள் அசையாமல் நின்றது, போனில் எண் சரசரவென்று இறங்கியது. கழற்றித் திருப்பினால் அடிப்பக்கம் விரல் நகம் அளவுக்கு வெடிப்பு. மேலே இருந்து பார்த்தால் புதுக் குழாய் மாதிரி இருக்கும். ஓயிலும் சூடும் பட்டு ரப்பர் பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. புதுக் குழாய் 900 ரூபா.

எனக்கு ஒரு கோபம் இன்னும் ஆறவில்லை. கோட் விழுந்த நேரத்தில் வண்டி எப்படி இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு படம் போலப் பிடித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதல் தடவை அதை யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டாவது தடவை நான் ஸ்கிரீன்ஷொட் எடுத்தேன்: வேகம் 0, ஆர்.பி.எம். 690, தண்ணீர் 88 பாகை. நின்ற இடத்தில்தான் வருத்தம் என்று அதுவே சொல்லியிருக்கும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

அக்கரைப்பற்று

தம்பிக்குக் குழாய், எனக்கு எலி.

வெள்ளாமை வெட்டு நேரம் நான் வயல் வாடியிலேயே இருந்துவிட்டேன், என் வேகன் ஆர் கார் பத்து நாள் வீட்டு முற்றத்தில் நின்றது. வயல் வெட்டி வெளியானால் எலிக்கு வீடு இல்லை, தெரியும்தானே. வந்து ஸ்டார்ட் பண்ணினால் லைட். மச்சானுடைய ஸ்கேனரில் பி0113, அதாவது உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை சென்சர். நேரடி எண்ணைத் திறந்து பார்த்தால் மைனஸ் 40 பாகை! கொளுத்தும் வெயிலில் அக்கரைப்பற்றில் மைனஸ் 40. மகள் பார்த்துவிட்டு, "வாப்பா, பனி கொட்டப் போகுது" என்றாள்.

மைனஸ் 40 வந்தால் பெரும்பாலும் சுற்று எங்கேயோ அறுந்திருக்கிறது. சென்சரா வயரா என்று பிரித்தறிய மச்சான் ஒரு வேலை காட்டினார். கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்தில் இருக்கிற இரண்டு பின்னையும் ஒரு சின்ன வயர்த் துண்டால் இணைத்தார். அப்போது எண் மறுபக்கம் எகிறி நூறுக்கு மேல் போனால் வயர் சுகம், சென்சர்தான் பழுது. எனக்கு அசையவே இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் வைக்கோலும் தும்பும் சேர்த்துக் கட்டிய கூடு, அதன் வாசலில் இரண்டு வயர் கத்தரித்த மாதிரி. ஒரு வயரின் செம்பு மினுங்கிக்கொண்டிருந்தது, புதுக் கடி.

முறுக்கி டேப் சுற்றினால் போதும் என்றேன். மச்சான் விடவில்லை. கடற்கரைக் காற்றில் டேப்புக்குள்ளே உப்புப் பிடித்து ஆறு மாதத்தில் பச்சைக் களிம்பு ஏறும் என்று, ஈயம் வைத்துப் பற்றவைத்து மேலே சுருங்கும் உறை போட்டார். பூனை ஒன்று வளர்க்கிறோம் இப்போது. அது பொனட்டுக்கு மேலே தூங்குகிறது, அவ்வளவுதான்.

செங்கலடி

சுருக்கமாக. லைட் எரிவது வேறு, மின்னுவது வேறு. வான் ஓட்டுகிறேன், இது மாமாவின் காரில் நடந்தது. பதுளை ரோட்டில் புல்லுமலை தாண்டி மகாஓயா நோக்கிப் போகும்போது லைட் விட்டு விட்டு மின்னியது, எஞ்சினும் உதறியது. பின்னேரம் ஆறு மணி, யானை நிற்கிற இடம். யார் இறங்குவது? மகாஓயா வரை மிதித்துக்கொண்டே போனோம்.

அடுத்த நாள் பார்த்தால் பி0302, இரண்டாவது சிலிண்டரில் பெற்றோல் பற்றவில்லை. பெற்றோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற கொயில் சிலிண்டருக்கு ஒன்று இருக்கும்; இரண்டாவது கொயிலைக் கழற்றி மூன்றில் போட்டு, மூன்றில் இருந்ததை இரண்டில் போட்டு ஓட்டினோம். கோட் பி0303 ஆக மாறியது. சந்தேகமே இல்லை, கொயில்தான். ஆனால் எரியாத பெற்றோல் அவ்வளவு தூரமும் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கெட்டலிட்டிக் கொன்வேட்டருக்குள்ளே தேன்கூடு மாதிரி இருப்பதை உருக்கிவிட்டது. கொயில் காசு சில்லறை, அது பெரிய காசு. இன்றைக்கு நடந்தால் வேகத்தைக் குறைத்து, மெதுவாக மிதித்து, ஆள் நடமாட்டம் உள்ள முதல் இடத்தில் நிறுத்தியிருப்பேன்.

களுவாஞ்சிகுடி

பிள்ளைகள் எல்லாம் புளூடூத்தோடு நிற்கிறீர்கள். என்னிடம் இருப்பது பழைய டொயோட்டா 111 கொரோலா. ஸ்கேனர் கேபிளைக் கொண்டுவந்தவன் சொக்கற்றைத் தேடிவிட்டு, "ஐயா, இதுக்கு ஒண்டும் செய்யேலா" என்று போய்விட்டான்.

அந்தக் காலத்து டொயோட்டாவுக்கு ஸ்கேனரே தேவையில்லை. பொனட்டைத் திறந்தால் மூடியோடு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியின் உட்பக்கத்தில் எந்தத் துளை எது என்று எழுதியிருக்கும். டி.இ. 1 என்ற துளையையும் இ. 1 என்ற துளையையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்து, சாவியை ஓன் பண்ணி, ஸ்டார்ட் பண்ணாமல் டாஷ்போர்டைப் பார்க்க வேண்டும். குறை இல்லையென்றால் லைட் ஒரே சீராக வேகமாக மின்னும். குறை இருந்தால் எண்ணிச் சொல்லும். எனக்கு இரண்டு மின்னல், ஒரு நிதானம், திரும்ப இரண்டு மின்னல். 22: தண்ணீர் வெப்பநிலை சென்சர். பேரனைப் பக்கத்தில் வைத்து எண்ணச் சொன்னேன், அவன் எண்ணியதும் 22தான்.

காலையில் ஸ்டார்ட் வராமல் இழுத்ததற்கு அப்போதுதான் காரணம் விளங்கியது. அந்தச் சென்சரில் இருந்து தகவல் வராவிட்டால், எஞ்சின் சூடாகத்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தானே ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீராக இருக்கிற எஞ்சினுக்குச் சூடான எஞ்சினின் அளவில் பெற்றோல் விட்டால் எப்படிப் பற்றும்? சென்சரை மாற்றவில்லை நான். கனெக்டருக்குள் பச்சை பிடித்திருந்தது, சுரண்டித் துடைத்துப் போட்டேன். பெற்றோல் இன்ஜெக்சனுக்குரிய ஈ.எஃப்.ஐ. ஃபியூஸை ஒரு நிமிடம் கழற்றிவிட்டுச் செருகினால் கோட் அழியும். பற்றரி வயரைக் கழற்றினாலும் அழியும், ஆனால் ரேடியோ நிலையமெல்லாம் சேர்ந்து போகும். எனக்கு காலைச் செய்தி முக்கியம்.

காத்தான்குடி

களுவாஞ்சிகுடி ஐயா சொன்ன பச்சைதான் எனக்கும் வந்த வினை, இடம்தான் வேறு. என்னுடையது டொயோட்டா அக்வா, பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட். லைட்டோடு சேர்த்து ஹைபிரிட் எச்சரிக்கையும் வந்தது. கோட் பி0ஏ80. இந்தக் கோடின் பெயரே "ஹைபிரிட் பற்றரியை மாற்றவும்" என்றுதான் இருக்கும், அதனால் யாரிடம் கொண்டுபோனாலும் அதே வசனத்தைத் திருப்பிச் சொன்னார்கள். 2020-இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பற்றரி விலை கேட்டாலே தலை சுற்றும் காலம் அது.

ஒரு நானா (எங்கள் பேச்சில் அண்ணன்) ஹைபிரிட் வேலை மட்டும் செய்கிறவர். முதலில் பற்றரியைக் குளிர வைக்கும் ஃபேனின் வாயைப் பார்த்தார். பின் சீற்றுக்குக் கீழே இருக்கும் வலை முழுக்கப் பஞ்சும் மணலும். பிறகு பற்றரியைத் திறந்தார். உள்ளே மொடியூல் என்ற சின்னப் பற்றரிகள் 20, மொத்தம் 144 வோல்ட். மொடியூல்களை இணைக்கிற செம்புத் தகடுகளில் பாதி பச்சையாக இருந்தது. ஒரு தகட்டை என் கையில் தந்தார், விரலில் மாவு மாதிரி ஒட்டியது. அந்த இடத்தில் மின்சாரம் தடைப்பட, பக்கத்து மொடியூல்களின் வோல்ட் ஏற்ற இறக்கமாகத் தெரிய, கம்ப்யூட்டர் பற்றரியே போய்விட்டது என்று முடிவு கட்டியிருக்கிறது. தகடுகளைச் சுத்தம் பண்ணி, பலவீனமான இரண்டு மொடியூலை மட்டும் மாற்றினார். வண்டி இன்றைக்கும் ஓடுகிறது.

இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள் பிள்ளைகள். அவர் செம்மஞ்சள் நிற சேர்விஸ் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார், உள்ளே தேங்கிய மின்சாரம் வடியட்டும் என்று. கையில் தடித்த ரப்பர் உறை. நான் தேத்தண்ணி நீட்டியபோதும் வாங்கவில்லை.

வாழைச்சேனை

ஒரு கேள்வி. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க அடுத்த கிழமை புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். லைட் எரிகிறது. கோடை அழித்துவிட்டுப் போனால் சரிதானே?

கல்லடி

வாழைச்சேனைத் தம்பி, அங்கே சைலன்சர் வாயில் குழாயைச் செருகி, வருகிற புகையைத்தான் அளப்பார்கள். லைட்டை அணைத்ததற்காகப் புகை சுத்தமாகாது. இன்னொன்று, அழித்த கையோடு கம்ப்யூட்டர் இத்தனை நாள் பழகி வைத்த ட்ரிம் கணக்கும் பூச்சியமாகிவிடும். கொஞ்ச நாள் ஓடித்தான் திரும்பப் பழகும். என்ன கோட் என்று முதலில் எழுதுங்கள்.

வாழைச்சேனை

பி0171.

கல்லடி

குறடும் பழந்துணியும் இருக்கிறதா? நாளைக்குப் பின்னேரம் நான் ஓட்டமாவடிப் பக்கம் வருகிறேன், சேர்ந்தே பார்ப்போம். 18,000 ரூபா கொடுத்து மாற்றியபோது கழற்றிய சென்சர் வீட்டில் சும்மா கிடக்கிறது, அதையும் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.