எத்தியோப்பியாவிலிருந்து மொத்தமாக ஊர் திரும்புகிறோம், அவசர உதவி தேவை

கரூர்வாத்தியார்: வணக்கம் நண்பர்களே. இங்கே ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் விரிவுரையாளராக இருக்கிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று நேற்று வாயால் சொல்லிவிட்டார்கள், கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். மனைவிக்கு ராத்திரி தூக்கமே இல்லை. பணம், சாமான், பையன் படிப்பு, எதை முதலில் பார்ப்பது என்றே தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

புன்னாபிரியன்: எந்த ஊர் சார்? எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே. சரி, நான் வந்து இறங்கிய காலத்தைக் கேளுங்கள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, கரண்ட்டும் அப்படித்தான். ரெண்டு மணிக்கு வகுப்பு என்பார்கள், இங்கே மணியை விடிந்ததிலிருந்து எண்ணுவதால் அது நம் கணக்கில் காலை எட்டு. மலைக் குளிரில் தோசை மாவு புளிக்கவே புளிக்காது, என் வீட்டம்மா மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றிக் கட்டிலில் படுக்க வைப்பார். அதையெல்லாம் தாண்டிய நமக்கு ஊருக்குப் போவது ஒரு விஷயமா? தைரியமாக இருங்கள்.

மஸ்கட்மாமா: தம்பி, ஊருக்கு மட்டும் இப்போது போகாதே. அங்கே ஒன்றும் இல்லை. ருவாண்டா, தான்சானியா என்று வேறு ஆப்பிரிக்க நாடுகளுக்கு விண்ணப்பம் போடு. நானும் ஓமனிலிருந்து இப்படித்தான் ஒருமுறை திரும்பினேன், வந்த வாரமே சொந்தக்காரர்கள் எவ்வளவு சேர்த்தாய் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சேலம்திரும்பி: மாமா சொல்வதை ஏற்க முடியவில்லை. பையன் வளர்கிறான், இன்னும் எத்தனை நாடு மாறுவது? பேசாமல் ஊருக்கு வாருங்கள் சார். ஆனால் சம்பளத்தைப் பற்றிக் கனவு காணாதீர்கள். நான் சேர்ந்த கல்லூரியில் வெளிநாட்டு அனுபவத்தை ஒரு பைசாவுக்கும் மதிக்கவில்லை, கோடை விடுமுறையில் அட்மிஷன் பிடிக்க வீடு வீடாக அனுப்பினார்கள். பிஎச்டி முடித்துவிட்டுத் துண்டுப் பிரசுரம் கொடுத்தேன்.

புன்னாபிரியன்: அதுகூடப் பரவாயில்லை. ஆப்பிரிக்காவா, அங்கே சோறு கிடைக்குமா என்று என் மைத்துனர் இன்றைக்கும் கேட்கிறார்.

மஸ்கட்மாமா: சோறா! என்னிடம் ஒட்டகம் கறந்தாயா என்று கேட்டார்கள்.

அடிஸ்அக்கா: அந்தத் தம்பி வீட்டைக் காலி செய்யத் தவிக்கிறார், நீங்கள் ஒட்டகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி, முதலில் அனுபவச் சான்றிதழ். அதில் இங்குள்ள நாட்காட்டித் தேதி மட்டும் இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். என் கணவரின் கடிதத்தில் 4-13-2011 என்று இருந்தது. இங்கே பதின்மூன்றாவது மாதமான பாகுமேயில் நாலாம் தேதி, அதாவது நம் கணக்கில் 2019 செப்டம்பர் 9. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பதின்மூன்றாம் மாதமா என்று கேட்டு, போலியாக இருக்குமோ என்று கோப்பையே மூடிவிட்டார்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டையும் ஆங்கிலத் தேதியில் போடச் சொல்லுங்கள். பிறகு இங்குள்ள வெளியுறவு அமைச்சகத்திலும் நம் தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போன பிறகு இதற்காக அலைந்தால் பெரும்பாடு.

அடுத்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. எத்தியோப்பியாவிலிருந்து அது இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். பழைய அட்டையில் பத்து வருடம் என்று இருந்தாலும் பயப்படாதீர்கள், 2016 ஜூலை முதல் அது வாழ்நாளுக்கும் செல்லும். புதிதாகப் போடுவதென்றால் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட வேண்டும். அட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

சேலம்திரும்பி: வங்கி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தரமாகத் திரும்பியதும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ கணக்கை அப்படியே விட்டுவைக்கக் கூடாது, வங்கியில் சொல்லிச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். டாலராகவே வைத்திருக்க ஆசைப்பட்டால், திரும்பி வந்தவர்களுக்கென்றே ஆர்எஃப்சி என்ற வெளிநாட்டுப் பணக் கணக்கு இருக்கிறது. முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாளைத் தாண்டாவிட்டால் ஆர்என்ஓஆர் நிலை, அதாவது வரிக் கணக்கில் இன்னும் முழு உள்நாட்டவராகக் கருதாத நிலை கிடைக்கும், அது இருக்கும்வரை வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக இந்தியாவில் வரி வராது. பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை வைத்து ஆடிட்டரிடம் கணக்குப் போடுங்கள்.

கரூர்வாத்தியார்: எல்லோருக்கும் நன்றி. சொல்ல மறந்துவிட்டேன், ஆறு வருஷமாக இருக்கிறோம். பையன் ஏழாவது, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். சேமிப்பில் பாதி இன்னும் இந்த நாட்டுப் பணமான பிர்ராகவே இங்குள்ள வங்கியில் கிடக்கிறது.

அடிஸ்அக்கா: இதை அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! பிர்ரை நம் ஊர் வங்கியில் யாரும் வாங்க மாட்டார்கள். 2024 ஜூலை கடைசியில் பிர்ரின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்டபோது டாலருக்கு 57 பிர் இருந்தது, சில வாரத்தில் நூறைத் தாண்டியது. வைத்திருக்க வைத்திருக்க நஷ்டம்தான். நாளைக்கே நிதிப் பிரிவில் சம்பளச் சான்றும் வரி கட்டிய சான்றும் வாங்கி, வேலை அனுமதி அட்டை கையில் இருக்கும்போதே டாலராக அனுப்ப விண்ணப்பம் கொடுங்கள். அட்டையைத் திருப்பித் தரச் சொன்னால் பணம் போன பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள். பையனுக்குப் பள்ளியில் டிசி, மதிப்பெண் பட்டியல் இரண்டும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2006ஆம் வருடச் சட்டப்படி பத்தாவது வரை தமிழ் படித்தாக வேண்டும், அதனால் சேர்க்கிற பள்ளியில் முதல் நாளே இதைப் பேசிவிடுங்கள். அப்புறம், ஃப்ரிட்ஜை விற்கிறீர்களா? எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன்.