நடந்தால் பாதம் எரிகிறது, காலில் சுரீர் என்று இழுக்கிறது: எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) உள்ளவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

திருச்சி, வயது 38

எம்.எஸ். என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. மூளை, தண்டுவட நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிறது என்று டாக்டர் அன்று விளக்கியதில் பாதிதான் என் மண்டையில் ஏறியது. சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை இது 'நரம்புத் தளர்ச்சி'. பெரியம்மா வாரம் தவறாமல் முருங்கைக்கீரை கொடுத்தனுப்புகிறார்.

போன மே மாதம் சாயங்காலம் நடக்கப் போவேன். இரண்டு தெரு தாண்டியதும் இடது பாதம் எரியும், மிளகாய் அரைத்த கை மாதிரி. அப்புறம் முட்டிக்குக் கீழே சுரீர் சுரீர். ஒரு நாள் கண்ணும் மங்கிப்போய், எதிரே வந்த பஸ்ஸின் போர்டு தெரியவில்லை. நோய் முற்றிவிட்டது என்று பயந்து ஒரு பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அண்ணன் ஃபேனை என் பக்கம் திருப்பி, ஜில்லென்று சோடா உடைத்துக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் பார்வை தெளிந்தது, எரிச்சலும் பாதியானது.

நியூரோ டாக்டரிடம் சொன்னால் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே இதை எழுதிவிட்டாராம். உறை போன நரம்பில் சூடு ஏறினால் சமிக்ஞை தடுமாறும். உடம்பு வெப்பம் அரை டிகிரி கூடினாலே சிலருக்குப் போதும். ஆறினால் பழையபடி ஆகிவிடும், நரம்புக்குப் புதுச் சேதம் எதுவும் இல்லை. இதை முதல் வருடமே யாராவது சொல்லியிருந்தால் நடையை இத்தனை முறை நிறுத்தியிருக்க மாட்டேன்.

இப்போது காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறேன். அதற்கு முன் ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர், கழுத்தில் பிழிந்த ஈரத்துண்டு. பத்து நிமிடம் நடை, கொஞ்சம் உட்கார்வது, மறுபடி பத்து நிமிடம். எரிச்சல் வராமல் இல்லை, சீக்கிரம் அடங்குகிறது. இரவில் நரம்பு வலிக்கு ப்ரீகாபலின் மாத்திரை. முன்பு பாராசிட்டமாலை விழுங்கி விழுங்கி ஏமாந்தேன், நரம்பு வலி அதற்கெல்லாம் மசியாது. ஆனால் மாத்திரை மயக்கம் காலையிலும் மிச்சமிருந்தால் அன்று நான் நடப்பதில்லை.

சென்னை, வயது 45

ஈரத்துண்டு எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் எடுபடாது. ஈரம் காய்ந்தால்தானே குளிரும்? நான் வீட்டுக்குள்ளேயே ஃபேனுக்கு முன்னால் சைக்கிள் மிதிக்கிறேன், பக்கத்தில் ஐஸ் தண்ணீர்.

என் கதை யோகாவில் தொடங்கியது. தாடையை நெஞ்சில் படக் குனிந்தால் முதுகுத்தண்டில் கரண்ட் பாய்ந்து கால்வரை போகும். குருஜிக்கு ஒரே சந்தோஷம், குண்டலினி எழுகிறது என்றார்! ஃபிசியோதெரபிஸ்ட்தான் அதற்கு லெர்மிட் அறிகுறி என்று பெயர் இருப்பதைச் சொன்னார். கழுத்துத் தண்டுவடத்தில் உறை போன இடம் குனியும்போது இழுபடுவதால் வருவது. கழுத்தை மடக்கும் ஆசனங்களை மட்டும் விட்டுவிட்டேன், மற்றதெல்லாம் செய்கிறேன்.

கோவை, வயது 29

எனக்குத் தொல்லை காலில் இல்லை, நெஞ்சில். மூன்று மாடி ஏறினால் விலாவைச் சுற்றி பெல்ட் போட்டு இறுக்கியது போல் ஆகிவிடும், மூச்சை முழுசாக இழுக்க முடியாது. முதல் தடவை ஹார்ட் அட்டாக் என்று அப்பா ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார். ஈ.சி.ஜி. எல்லாம் நார்மல். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசை இறுகுவதுதானாம். அதற்காக எல்லா நெஞ்சு வலியையும் எம்.எஸ். தலையில் போடாதீர்கள், முதல் முறை வந்தால் கட்டாயம் ஆஸ்பத்திரி போய்விடுங்கள்.

மதுரை, வயது 51

எல்லாவற்றையும் 'வெயில்தான்' என்று தள்ளி நானே மாட்டிக்கொண்டேன். போன வருடம் வலது கை மரத்தது. ஆறட்டும் என்று மூன்று நாள் காத்திருந்தேன், ஆறவே இல்லை. புதுத் தாக்குதல், ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினார்கள். புதுத் தொல்லை 24 மணி நேரம் தாண்டினால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று வீட்டில் எழுதியே ஒட்டிவிட்டோம். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் பழைய வலி கிளம்பும், அதையும் பார்க்கச் சொன்னார்கள்.

திருச்சி, வயது 38

மதுரை அண்ணா, அந்த 24 மணி நேரக் கணக்கு எனக்குத் தெரியாது. சென்னைக்காரரே, மிதிக்கும்போது பாதம் மரத்து பெடலிலிருந்து நழுவுமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

சென்னை, வயது 45

பழைய பெல்ட்டால் கட்டிக்கொள்கிறேன். இறங்கும்போது அவிழ்க்க மறந்து ஒரு தடவை விழுந்தேன், ஜாக்கிரதை.