விற்பனைக்கு வந்த இரண்டு சில்வர் ஷேடோ: நேரில் பார்த்த அனுபவம்

பழைய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றை வாங்கும் ஆசையோடு இங்கிலாந்தில் விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், அண்மையில் நான் நேரில் பார்த்த இரண்டு சில்வர் ஷேடோ கார்களைப் பற்றி எழுதுகிறேன். 1965 முதல் 1980 வரை இங்கிலாந்தின் க்ரூ நகரத் தொழிற்சாலையில் உருவான இந்த வரிசை, தனி அடிச்சட்டகம் இல்லாமல் உடற்கூடே முழுப் பாரத்தையும் தாங்கும்படி அந்நிறுவனம் கட்டிய முதல் கார் என்பதால், அடிப்பகுதியைத் துரு தின்றுவிட்டால் வண்டியின் பலமே போய்விடும்.

முதலாவது, பழைய கார் வியாபாரி ஒருவரிடம் இருந்த 1976ஆம் ஆண்டு வண்டி. வண்ணப்பூச்சு பளபளத்தது, தோல் இருக்கைகளிலும் வால்நட் பலகையிலும் ஒரு கீறல்கூட இல்லை. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைப் பின்சக்கர வளைவின் கீழ்விளிம்பில் வைத்தபோது, அது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அங்கே இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் துருவை மறைக்கப் பூசிய தடிமனான பட்டிதான் (ஃபில்லர்) இருந்தது. (கதவுகள், பானட், டிக்கி மூடி ஆகியவை அலுமினியம் என்பதால் அங்கே காந்தம் ஒட்டாதது கண்டு யாரும் பதற வேண்டாம்.) பிரேக் திரவம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டதற்கு வியாபாரியிடம் பதிலும் இல்லை, பில்லும் இல்லை. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்ததும், குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது தெரியும் குறைகளை மறைக்கவோ என்று எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

இரண்டாவது, ஓய்வுபெற்ற ஒருவர் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்த 1974ஆம் ஆண்டு வண்டி. பானட்டில் நிறம் மங்கியிருந்தது. ஓட்டுநர் இருக்கைத் தோல் வெடித்திருந்தது. ஆனால் நான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி, அவர் அன்று காலையிலிருந்து இன்ஜினைத் தொடவே இல்லை. 6.75 லிட்டர் வி8 இன்ஜின் சிரமமின்றி உயிர்பெற்றது. பிரேக் அழுத்தத்துக்கான இரண்டு எச்சரிக்கை விளக்குகளும் சிறிது நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

இந்தக் காரின் உயிர்நாடி, திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்புதான். சித்ரோயன் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற தொழில்நுட்பம் அது. இன்ஜின் இயக்கும் இரண்டு பம்புகள் உயர் அழுத்தத்தை உண்டாக்க, நைட்ரஜன் வாயு நிரம்பிய இரண்டு அக்குமுலேட்டர்கள் அதைச் சேமித்து வைக்கின்றன. பிரேக்குகளுக்கும், பின்பக்க உயரத்தைச் சமன்செய்யும் அமைப்புக்கும் அங்கிருந்தே அழுத்தம் போகிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் போட்ட நிலையில் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தேன். ஐந்தாறு மிதியிலேயே விளக்கு எரிந்தால் அக்குமுலேட்டர் தளர்ந்துவிட்டது என்று பொருள். இந்த வண்டியில் என் கால் சலித்த பிறகே முதல் விளக்கு எரிந்தது. இதற்கென உள்ள ஆர்ஆர்363 திரவத்தை முறையாக மாற்றிவந்ததற்கான பில்களை அவர் தேதி வாரியாகக் கோப்பில் அடுக்கியிருந்தார். இந்தத் திரவத்துக்குப் பதிலாகத் தெரியாமல் மினரல் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் பாழாகும் என்பதால், அந்தப் பில்கள் எனக்குப் புதுப் பெயின்டைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

சேசிஸ் எண் எஸ்ஆர்ஹெச் என்று தொடங்கியது. வலப்பக்க ஸ்டியரிங்குடன் பிறந்த சாதாரண நீள வண்டி என்பதை அந்த எழுத்துகளே சொல்லிவிடும். நாற்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிக்கு எம்ஓடி எனும் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. இருந்தும் அவர் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். பதிவெண்ணைக் கொடுத்து, அந்தச் சோதனை வரலாற்றை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

வியாபாரி 11,000 பவுண்டு கேட்டார், இவர் 18,000 கேட்கிறார். விலை அதிகமாக இருந்தாலும் இரண்டாவது வண்டியே என் தேர்வு. பின்சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் கதவுகளுக்குக் கீழே ஓடும் அடிப்பட்டைகளையும் ராம்பில் ஏற்றி, இந்த வண்டிகளையே பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சோதிக்க அவர் முழுமனதோடு சம்மதித்திருக்கிறார். அந்தச் சோதனை முடிந்த பிறகே முன்பணம் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம்.