எட்டணாவுக்குப் பதிலாக ஒரு மிட்டாய்

மதுரைவாசி:
மருந்துக் கடையில் நாற்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு ஆயிற்று. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் கிடந்த ஐந்து எட்டணாக்களை நாற்பத்தைந்து ரூபாயோடு சேர்த்துக் கொடுத்தேன். கடைக்காரர் அவற்றைக் கையால் எடுக்கவில்லை. பேனா முனையால் ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளி, "இது செல்லாதும்மா" என்றார். 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போனவை நாலணாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும்தான், எட்டணா இன்றும் செல்லும் என்று சொன்னேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன். மீதியாக ஒரு இரண்டு ரூபாய்க் காசும், அந்த ஐம்பது காசுக்கு ஒரு மிட்டாயும் வந்தன.

மலைக்கோட்டை:
எனக்கு மறக்காதது மொத்தை ஐந்து ரூபாய். எங்கள் தெரு இரும்புக் கடைக்காரர் கல்லாவில் விழும் காசுகளைக் கண்ணாடி மேசையில் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். கனத்த ஓசை வந்தால் அது தனி டப்பாவுக்குப் போய்விடும். ஒன்பது கிராம் எடையுள்ள அந்தச் செப்பு-நிக்கல் காசுகள் சவர பிளேடு செய்வதற்காக வங்கதேசத்துக்குக் கடத்தப்படுவதாக அக்காலத்தில் செய்திகள் வந்தன. காசின் மதிப்பைவிட உலோகத்தின் விலை கூடிவிட்டால் அது கைமாறுவதற்குப் பதில் உலைக்குத்தான் போகும். 2007-இல் ஆறு கிராம் எவர்சில்வர் காசு வந்ததும் இதனால்தான் என்பது என் கருத்து.

வேலூர்க்காரன்:
முந்தைய பதிவர் எல்லாவற்றையும் உலையிலேயே போடுகிறார். எட்டணாவை எவன் கடத்தினான்? வங்கிக்குத் திரும்பும் பழைய செப்பு-நிக்கல் காசுகள் மீண்டும் வெளியே விடப்படுவதில்லை. சத்தமின்றிக் குறைவது அதனால்தான். எஞ்சியவற்றை வதந்தி கொல்கிறது. எங்கள் ஊர்ப் பேருந்தில் பத்து ரூபாய்க் காசை நீட்டியதற்கு நடத்துநர் விசிலை ஊதி என்னை இறக்கிவிட்டார். என் அனுபவம் அவ்வளவே. ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோடுகள் பத்தானாலும் பதினைந்தானாலும், பத்து ரூபாய்க் காசின் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது.

மதுரைவாசி அவர்கள் செய்ய வேண்டியது இது. காசுகளை மதிப்புவாரியாகப் பிரித்து, நூறு நூறாகப் பொட்டலம் கட்டி, கூட்டம் குறைந்த நேரத்தில் வங்கிக்குப் போங்கள். மறுத்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான காசுகள் ஒரே தடவையில் ஆயிரம் ரூபாய் வரை செல்லும். எட்டணாவுக்கு வரம்பு பத்து ரூபாய். எனவே கடையில் இருபது எட்டணாக்களுக்கு மேல் நீட்டாதீர்கள்.

மதுரைவாசி:
நான் நீட்டியவை ஐந்துதான், ஐயா. நூறு சேர்த்துப் பொட்டலம் கட்ட என்னிடம் அத்தனை இல்லை. அவை திரும்பவும் அஞ்சறைப் பெட்டிக்கே போய்விட்டன. மிட்டாயை மறுநாள் அதே கடையில் ஐம்பது காசாக எடுத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினேன். அதையும் அவர் பேனா முனையால்தான் தள்ளினார்.