வங்கி, பென்ஷன், கார்ட் கம்பெனி பெயரில் மெயில் வந்தால்: புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

புது நாட்டில் முதல் ஆறு மாதம் எப்படி இருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். கணக்கு திறந்திருப்போம், கார்ட் கைக்கு வந்திருக்காது. பாஸ்போர்ட் நகல் கொடுத்திருப்போம், முகவரிச் சான்று சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். வரி எண் இன்னும் வரவில்லை, சம்பளத்தை எந்தக் கணக்கில் போடுவது என்று அலுவலகம் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த நேரம் பார்த்து "உங்கள் அடையாளச் சரிபார்ப்பு முடியவில்லை, 48 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்" என்று ஒரு மெயில் வந்தால் அது நமக்கென்றே எழுதியது போலத்தான் இருக்கும். அனுப்பியவனுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதே மெயிலைக் கணக்கில்லாத பேருக்கு அனுப்பியிருப்பான். பத்து வருடமாக அங்கேயே இருப்பவர் பார்த்ததும் அழித்துவிடுவார். நமக்கு மட்டும் அது அப்படியே பொருந்திப் போகிறது, ஏனென்றால் அப்படி ஒரு மெயில் வரும் என்று நாம் நிஜமாகவே காத்திருக்கிறோம். விவரம் தெரியாதவர்கள்தான் மாட்டுவார்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். எனக்கு அதுதான் நடந்தது. வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம், அதுவரை கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்திலிருந்து "உங்கள் ஓய்வூதியக் கணக்கு தொடங்கப்பட்டுள்ளது, உள்ளே வந்து பதிவு செய்யுங்கள்" என்று மெயில் வந்தது. நான் எந்தக் கணக்கும் தொடங்கவில்லையே என்று அழித்துவிட்டேன். மறுபடியும் வந்தது, ஸ்பாமில் தள்ளினேன். எட்டு மாதம் கழித்து சம்பளச் சீட்டில் ஒரு பிடித்தம் எதற்கு என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது, அது அலுவலகமே தேர்ந்தெடுத்த நிறுவனம், என் பணம் மாதாமாதம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று வாரிசு பெயர்கூட அதில் பதிவாகியிருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனது பதறுகிறது.

அதனால் பெயர் தெரியாத நிறுவனம் என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்தால் பெரும்பாலானோரைப் பணியிடமே பென்ஷனில் தானாகச் சேர்த்துவிடும், ஆஸ்திரேலியாவில் சூப்பர் என்று சொல்லும் சூப்பரானுவேஷன், அமெரிக்காவில் 401கே. இவற்றை நடத்துவது வேறு ஏதோ ஒரு நிறுவனமாக இருக்கும், மெயில் அவர்கள் பெயரில்தான் வரும். கடையின் பெயர் போட்ட கிரெடிட் கார்டுக்குப் பின்னால் வேறொரு வங்கி இருக்கும். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் போன்ற, நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் கிரெடிட் நிறுவனங்களின் பெயரை ஊரில் கவனித்திருக்கவே மாட்டோம், இங்கே வாடகை வீட்டுக்குக்கூட அவர்கள் அறிக்கையைக் கேட்பார்கள். "நீங்கள் எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்று உறுதிப்படுத்துங்கள்" என்று வங்கி கேட்பதும் பல நேரம் உண்மைதான், நாடுகள் தங்களுக்குள் கணக்கு விவரம் பகிரும் சர்வதேச ஏற்பாட்டுக்காக வங்கிகள் அதைக் கேட்டே ஆக வேண்டும். வேலையில் சேர்ந்த வாரமே எச்.ஆரிடம் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: சம்பளம், பென்ஷன், இன்ஷூரன்ஸ் விஷயமாக எனக்கு எந்தெந்த நிறுவனங்களிடமிருந்து மெயில் வரும்? அந்தப் பட்டியல் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, மெயில் வந்துவிட்டது, உண்மையா போலியா? இந்தக் கேள்விக்கு அந்த மெயிலுக்குள்ளேயே பதில் தேடாதீர்கள் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது. மெயிலை மூடுங்கள். வங்கியின் ஆப்பை நீங்களே திறங்கள், அல்லது கார்டின் பின்பக்கம் அச்சாகியிருக்கும் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நிஜமாகவே உங்களிடம் ஏதாவது தேவை என்றால் பெரும்பாலும் ஆப்பில் உள்நுழைந்ததும் செய்திப் பகுதியில் இருக்கும், இல்லையென்றால் போனில் சொல்வார்கள். மெயிலில் இருக்கும் லிங்க், மெயிலில் இருக்கும் போன் நம்பர், மெயிலில் இருக்கும் கியூஆர் கோடு மூன்றையும் தொட வேண்டாம். நம்பரை கூகுளில் தேடி எடுப்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை, வாடிக்கையாளர் சேவை என்று போலி எண்களை விளம்பரமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். கார்ட், கணக்கு திறந்தபோது தந்த காகிதம், அந்த நாட்டு நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவேடு, இவற்றிலிருந்து எடுங்கள். பிரிட்டன் என்றால் எஃப்சிஏ என்ற நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவேட்டிலும், அமெரிக்க வங்கி என்றால் வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு தரும் எஃப்டிஐசி என்ற அரசு அமைப்பின் தளத்திலும் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பெயர் பதிவேட்டில் இருக்கிறது என்று அதோடு விட்டுவிடாதீர்கள், உண்மையான நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே திருடிப் போட்டுக்கொண்டு மெயில் அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். பதிவேட்டில் இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேட்டால்தான் முடிவு தெரியும்.

எழுத்துப் பிழை இருந்தால் போலி என்ற பழைய பாடத்தை மறந்துவிடலாம். இப்போது யார் வேண்டுமானாலும் ஏஐ வைத்துச் சுத்தமான ஆங்கிலத்தில் எழுதிவிட முடியும். லோகோ, நிறம், அடியில் வரும் பொடி எழுத்து எல்லாம் அசலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியதாக இருக்கும். அனுப்பியவர் என்று மேலே தெரியும் பெயரை அனுப்புபவரே எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். போனில் அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும், அதன் மேல் தட்டினால்தான் முகவரி வரும்.

முகவரியைப் படிக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பலரும் இதில்தான் தவறுகிறார்கள். மெயில் முகவரியில் அட் குறிக்குப் பிறகு வருவதையும், லிங்க் என்றால் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் இருப்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். "உங்கள்வங்கி டாட் காம்" என்று முடிந்து, அதற்கு முன்னால் ஒன்றும் இல்லாமலோ ஒரு டாட்டோடு பிரிந்தோ இருந்தால் அது வங்கியுடையது. "உங்கள்வங்கி டாட் செக்யூர்லாகின் டாட் காம்" என்று இருந்தால் அதன் சொந்தக்காரர் செக்யூர்லாகின் என்ற பெயரை வாங்கியவர், முன்னால் வங்கியின் பெயரை ஒட்டிக்கொள்ள அவருக்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை. கோ டாட் யூகே, காம் டாட் ஏயூ மாதிரி இரட்டை முடிவு இருந்தால் அதற்கு முந்தைய சொல்லைப் பாருங்கள். இங்கிலீஷ் ஆர் எழுத்தையும் என் எழுத்தையும் ஒட்டிப் போட்டால் சின்னத் திரையில் எம் போலவே தெரியும், எல் எழுத்துக்குப் பதில் 1 போடுவார்கள், ரஷ்ய எழுத்து ஒன்றைச் செருகினால் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான் அந்தப் பூட்டுக்கு அர்த்தம், அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனின் தளத்திலும் பூட்டு இருக்கும்.

கண்ணை விட நம்பகமான ஒன்று, கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர். அது சேமித்து வைத்த தளத்தின் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் கடவுச்சொல்லை நிரப்பும். வழக்கமாக நிரப்பும் இடத்தில் அது சும்மா இருந்தால், நீங்களாக டைப் செய்யப் போகாதீர்கள், அங்கேயே நிறுத்திவிட்டு முகவரியைப் பாருங்கள்.

ஜிமெயிலில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள சிறிய அம்புக்குறியைத் தட்டினால் யார் அனுப்பியது, யார் கையொப்பமிட்டது என்று இரண்டு வரி வரும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற சரிபார்ப்புகளை வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கின, அதன்பிறகு அசல் வங்கி முகவரியையே போட்டு அனுப்புவது முன்னைவிடக் கடினம். ஆனால் அந்தச் சரிபார்ப்பு சொல்வது மெயில் எந்த டொமைனிலிருந்து, அதாவது அட் குறிக்குப் பிறகு வரும் எந்தப் பெயரிலிருந்து, வந்தது என்பதை மட்டும்தான். திருடன் சொந்தமாக வாங்கிய டொமைனும் அதில் தேறிவிடும். இன்னொரு வகை இதைவிடக் குழப்பும்: பேபால் மூலம் யார் வேண்டுமானாலும் யாருக்கும் பில் அனுப்பலாம் இல்லையா, அந்தப் பில்லின் குறிப்புப் பகுதியில் "நீங்கள் வாங்காத பொருள் என்றால் இந்த எண்ணுக்கு உடனே அழைக்கவும்" என்று ஒரு நம்பரை எழுதி அனுப்புகிறார்கள். மெயில் பேபாலின் சர்வரிலிருந்தே வருகிறது, எல்லாச் சரிபார்ப்பும் தேறுகிறது, அந்த நம்பர் மட்டும் மோசடிக்காரனுடையது. மெயிலுக்குள் பதில் தேடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். அங்கே இன்டராக் இ-டிரான்ஸ்ஃபர் என்ற பணம் அனுப்பும் வசதியில் பணமே மெயில் வழியாக, லிங்க்கோடுதான் வரும், அது உண்மையானது. ஆட்டோடெபாசிட் வசதியைப் போட்டு வைத்துவிட்டால் பணம் நேராகக் கணக்குக்கு வந்துவிடும், அதன்பிறகு "பணம் வாங்க இங்கே அழுத்துங்கள்" என்று யார் அனுப்பினாலும் சந்தேகப்படலாம். சிங்கப்பூரில் 2022 ஜனவரியில் அந்நாட்டு நாணய ஆணையம், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மெயிலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் லிங்க் வைக்கக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இந்தியாவில் என்ஆர்இ, என்ஆர்ஓ என்ற வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு: வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது, கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லும் லிங்க்கில் முதலில் அந்த முடிவைப் பாருங்கள்.

அப்புறம், விசா. கணக்கைச் சரிசெய்யாவிட்டால் விசா பாதிக்கப்படும், குடியேற்றத் துறைக்குத் தகவல் போகும் என்று எந்த மெயிலாவது மிரட்டினால் பயப்படாதீர்கள். எந்த வங்கியும் அப்படி எழுதாது. நம்முடைய அந்த ஒரு பயம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதைத்தான் பிடிக்கிறார்கள்.

லிங்க்கைத் திறந்துவிட்டேன், என்ன செய்வது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். திறந்து பார்த்துவிட்டு எதையும் தராமல் மூடியிருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, போனையும் பிரவுசரையும் அப்டேட் செய்யுங்கள். வந்த ஃபைலைத் திறந்திருந்தாலோ, சொன்ன ஆப்பை நிறுவியிருந்தாலோ அந்தக் கருவியில் வங்கி வேலை எதுவும் செய்யாதீர்கள், வேறு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடவுச்சொல், கார்ட் எண், ஓடிபி எதையாவது கொடுத்திருந்தால் காலை வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் நிறுத்தினால்தான் உண்டு. பிரிட்டனில் 159க்கு அழைத்தால் பெரும்பாலான வங்கிகளுக்கு நேராக இணைத்துவிடுவார்கள், சிங்கப்பூரில் மோசடி உதவி எண் 1799, இந்தியக் கணக்கில் இணையவழித் திருட்டு என்றால் அந்நாட்டுத் தேசிய உதவி எண் 1930. ஆஸ்திரேலியாவில் ஸ்காம்வாட்ச், அமெரிக்காவில் எஃப்டிசி, கனடாவில் ஆன்டி ஃபிராட் சென்டர் புகாரைப் பதிவு செய்துகொள்ளும், ஆனால் முதல் போன் எப்போதும் வங்கிக்குத்தான். அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுத்துவிட்டவர்கள் மூன்று கிரெடிட் நிறுவனங்களிலும் ஃப்ரீஸ் போடுங்கள், 2018 முதல் அது இலவசம், உங்கள் பெயரில் புதுக் கடன் எடுப்பது கடினமாகிவிடும்.

வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மறைத்து வைத்தவர்களை எனக்குத் தெரியும், அந்த இரண்டு நாளில் மிச்சமும் போனது. அருகில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள், ஒருவர் வங்கியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றலாம். முதலில் மெயில் கணக்கின் கடவுச்சொல், அது போனால் மற்ற எல்லாவற்றையும் அதன் வழியாக மாற்றிவிட முடியும். கோபத்தில் அந்த மெயிலை மட்டும் அழித்துவிடாதீர்கள், வங்கியும் போலீசும் அதைக் கேட்பார்கள்.