தோஹா: பேசியது தவறா, பேசிய நேரம் தவறா?

வைகைக்கரையான்:

காபூல் வீழ்ந்ததைக் காட்டி, "பகைவனோடு உட்கார்ந்து பேசினால் இதுதான் கதி" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு இந்த வாதம் ஒப்பவில்லை. 2020 பிப்ரவரி 29 அன்று கத்தார் தலைநகர் தோஹாவில் அமெரிக்காவின் சிறப்புத் தூதர் ஸல்மே கலீல்ஸாதும் தாலிபானின் முல்லா அப்துல் கனி பராதரும், அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் கைக்குப் போனது. முதலாவது இரண்டாவதற்கு வழிவிட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கதையைப் பாதியிலிருந்து படிக்கக் கூடாது.

2001 டிசம்பரில் தாலிபான் தோற்று ஓடிக்கொண்டிருந்தது. கந்தஹாருக்கு வடக்கே ஷா வலி கோட்டில் முகாமிட்டிருந்த, பின்னாளில் ஆப்கான் அதிபரான ஹமீத் கர்ஸாயிடம் தாலிபான் தலைவர்கள் சிலர் வந்தார்கள். ஆயுதத்தை ஒப்படைத்துவிடுகிறோம், ஊருக்குப் போய் மானத்தோடு வாழ விடுங்கள் என்பது கோரிக்கையின் சாரம். கர்ஸாய் இசைந்தார். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் முடியாது என்றுவிட்டார். அதே வாரம் ஜெர்மனியின் பான் நகரில் புதிய ஆப்கான் அரசுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே தாலிபானுக்கு அழைப்பே இல்லை. அந்த மாநாட்டை நடத்திய ஐ.நா. தூதர் லக்தார் பிராஹிமியே பின்னாளில் அது பிழை என்று சொன்னார்.

பகைவன் கெஞ்சியபோது பேசவில்லை. அமெரிக்கப் படை ஒரு லட்சத்தைத் தொட்டிருந்த 2010, 2011இலும் உருப்படியாகப் பேசவில்லை. படை சுமார் 13,000 ஆகக் குறைந்து, எப்போது ஊர் திரும்பலாம் என்று அதிபர் டிரம்ப் வெளிப்படையாகத் துடித்துக்கொண்டிருந்தபோது பேசினார்கள். வீட்டைக் காலி செய்யும் தேதியை ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பழைய பீரோவுக்கு விலை பேசுகிறவனுக்கு என்ன கிடைக்கும்? குற்றம் பேச்சில் இல்லை, பேசப் போன நேரத்தில் இருக்கிறது.

தென்பொதிகை:

ஐயா, நேரம் சரியாக இருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பது எந்தத் தோல்விக்கும் சொல்லக்கூடிய சமாதானம். ஷா வலி கோட் கதையையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நியூயார்க் இடிபாடுகளில் இன்னும் புகை அடங்காத நாட்கள் அவை. "ஊருக்குப் போங்கள், வாழ்ந்துகொள்ளுங்கள்" என்று எந்த அமெரிக்க அரசால் அப்போது சொல்லியிருக்க முடியும்? கர்ஸாயிடம் வந்தவர்கள் சொன்ன சொல்லுக்குத் தாலிபானின் தலைவர் முல்லா உமர் கட்டுப்பட்டிருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

என் எதிர்ப்பு நேரத்தைப் பற்றியதே அல்ல. பேச உட்கார்வதே ஒரு கொடை. 2013 ஜூன் 18 நினைவிருக்கிறதா? தாலிபானுக்குத் தோஹாவில் ஓர் அலுவலகம் திறக்க அனுமதி கிடைத்தது. பேச்சு இன்னும் ஒரு வரிகூடத் தொடங்கவில்லை. அதற்குள் வாசலில் அவர்களுடைய வெள்ளைக் கொடி ஏறியது. "ஆப்கானிஸ்தான் இஸ்லாமிய எமிரேட்" என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த உலகத்துக்கு என்ன புரிந்திருக்கும்? நாடு கடந்த ஓர் அரசு தூதரகம் திறக்கிறது என்றுதானே? கர்ஸாய் கொதித்துப்போய் அமெரிக்காவோடு நடந்துகொண்டிருந்த பாதுகாப்பு ஒப்பந்தப் பேச்சையே நிறுத்திவைத்தார். பிறகு பலகையைக் கழற்றினார்கள், கொடியையும் இறக்கினார்கள். ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததுதான்.

அந்தக் கொடியிலிருந்து, அமெரிக்க அதிபரின் ஓய்வு இல்லமான கேம்ப் டேவிட் எத்தனை தூரம்? 2019 செப்டம்பரில் தாலிபான் தலைவர்களை அங்கேயே வரவழைக்க டிரம்ப் ஏற்பாடு செய்திருந்தார், அதுவும் செப்டம்பர் 11 நினைவு நாளுக்குச் சில தினங்கள் முன்பு! காபூல் குண்டுவெடிப்பில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் இறந்ததால் ரத்து செய்தார். இல்லாவிட்டால் அந்தப் புகைப்படமும் வந்திருக்கும்.

செங்காந்தள்:

இருவரும் வாஷிங்டனையும் தாலிபானையும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நாட்டுக்கு அப்போது ஓர் அரசு இருந்தது. ஒப்பந்தத்தில் அதன் கையெழுத்து இல்லை. ஆனால் அதன் சிறைகளில் இருந்த தாலிபான் கைதிகளில் 5,000 பேர் வரை விடுதலை செய்யப்படுவார்கள் என்று ஒப்பந்தம் சொன்னது. யாருடைய சிறைச் சாவியை யார் எடுத்துக் கொடுப்பது? அதிபர் அஷ்ரஃப் கனி மறுநாளே "அப்படி எந்த வாக்குறுதியும் நாங்கள் தரவில்லை" என்று அறிவித்தார். ஐந்து மாத இழுபறிக்குப் பிறகு, ஆகஸ்டில் லோயா ஜிர்கா என்ற பெரியவர்களின் பெருஞ்சபையைக் கூட்டிக் கடைசி 400 பேரின் விடுதலைக்கும் ஒப்புதல் வாங்கினார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் பெண்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆப்கானியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பேச்சு 2020 செப்டம்பர் 12 அன்று தொடங்கியபோது அரசுத் தரப்புக் குழுவில் 21 பேர், அவர்களில் பெண்கள் நால்வர். ஒருவர் ஃபவ்ஸியா கூஃபி. அதற்கு நான்கு வாரம் முன்பு காபூலுக்கு அருகே அவருடைய காரைச் சுட்டார்கள், கையில் காயம். கையில் கட்டோடுதான் தோஹாவுக்கு வந்தார். தாங்கள் சுடவில்லை என்று தாலிபான் மறுத்தது. யார் சுட்டிருந்தாலும், கட்டுப்போட்ட கையோடு எதிரே வந்து உட்கார்ந்த அந்தப் பெண்ணிடம் பேரம் பேச என்ன மிச்சம் இருந்தது? படை போகும் தேதியை அமெரிக்கா முன்பே கொடுத்துவிட்டது. கைதிகளும் வெளியே வந்துவிட்டார்கள்.

2022 மார்ச் 23 அன்று உயர்நிலைப் பள்ளிகள் திறக்கும் என்று நம்பிப் பை மாட்டிக்கொண்டு வந்த பெண்பிள்ளைகளை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகமும் போயிற்று. "பேசியது சரியா?" என்று கேட்கிறவர்கள், யாருடைய பொருளை வைத்துப் பேசினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

கணக்கர்:

உணர்ச்சியைக் கொஞ்சம் தள்ளிவைத்துக் காகிதத்தைப் படிப்போம். 135 நாளில் படையை 8,600 ஆகக் குறைப்பது, 14 மாதத்தில் முழுவதும் வெளியேறுவது. பதிலுக்கு, அமெரிக்காவையும் அதன் கூட்டாளிகளையும் தாக்க ஆப்கான் மண்ணை அல் காய்தா போன்றவர்களுக்கு விடமாட்டோம் என்ற வாக்கு. இது சமாதான ஒப்பந்தமே அல்ல. போரில் களைத்த ஒரு நாடு பத்திரமாக வெளியேறுவதற்கு வாங்கிக்கொண்ட வழிச்சீட்டு. அந்த அளவில் அது வேலை செய்தது: கையெழுத்துக்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, 2021 ஆகஸ்ட் 26 விமான நிலையக் குண்டுவெடிப்பு வரை, ஒரு அமெரிக்க வீரர்கூட அங்கே சண்டையில் சாகவில்லை. அந்தக் குண்டை வெடித்ததும் தாலிபான் அல்ல, ஐ.எஸ். அமைப்பு. அல் காய்தா வாக்குறுதி என்ன ஆயிற்று என்பதை, 2022 ஜூலையில் காபூலின் நடுவே ஒரு வீட்டு மாடத்தில் வைத்து அல் காய்தா தலைவர் அய்மன் அல் ஸவாஹிரி கொல்லப்பட்டதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

செங்காந்தள் அவர்களே, காபூல் அரசைச் சேர்த்திருக்க வேண்டும் என்கிறீர்கள். எந்தக் காபூல் அரசை? ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பத்தாவது நாள், 2020 மார்ச் 9 அன்று, கனியும், தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற அப்துல்லா அப்துல்லாவும் ஒரே நேரத்தில் தனித்தனியாக அதிபர் பதவி ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் அரண்மனையில், மற்றவர் பக்கத்திலேயே இன்னொரு மாளிகையில். யாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது?

கடலோடி:

இரண்டு அதிபர்கள் இருந்தால் இரண்டு பேரையும் கூப்பிட வேண்டியதுதான். வரலாற்றில் கெட்ட பெயர் எடுத்த பேச்சுகளைப் பாருங்கள். 1938 முனிச்சில் செக்கோஸ்லோவாகியாவைத் துண்டாடப் பேசிய, ஹிட்லர் உள்ளிட்ட நால்வரில் செக் ஒருவரும் இல்லை. அவர்களுடைய பிரதிநிதிகளை ஓட்டல் அறையில் காத்திருக்க வைத்து முடிவை மட்டும் கையில் கொடுத்தார்கள். வியட்நாமில், அமெரிக்காவின் கிஸ்ஸிங்கரும் வடவியட்நாமின் லே டுக் தோவும் பாரிஸில் ரகசியமாகப் பேசி முடித்ததைத் தென்வியட்நாம் அதிபர் தியூவிடம் கடைசியில்தான் நீட்டினார்கள். வடக்கின் படைகள் தெற்கிலேயே தங்கலாம் என்ற ஷரத்தைப் பார்த்து அவர் அலறினார். 1973 ஜனவரியில் கையெழுத்து, 1975 ஏப்ரல் 30இல் சைகோன் காலி. முனிச்சை வைத்து "பேசாதே" என்று பாடம் நடத்துகிறவர்கள், செக் பிரதிநிதிகள் எங்கே இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்வதே இல்லை.

வைகைக்கரையான்:

தென்பொதிகை, "உட்கார்வதே கொடை" என்கிறீர்கள். 1993 நவம்பர் 1 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் இதே நியாயத்தைத்தான் சொன்னார். வட அயர்லாந்தில் பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் பிரிவான ஷின் ஃபெய்னின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸோடு உட்கார்ந்து பேசுவதை நினைத்தாலே குமட்டுகிறது என்றார். அந்த மாதம் முடிவதற்குள், அவருடைய அரசுக்கும் ஐ.ஆர்.ஏ. தலைமைக்கும் ரகசியத் தொடர்பு இருந்ததை அப்சர்வர் ஏடு அம்பலப்படுத்தியது. ஷின் ஃபெய்ன் தலைவர்களின் குரல் வானொலி, தொலைக்காட்சியில் கேட்கவே கூடாது என்று 1988இல் போட்ட தடை அப்போதும் அமலில் இருந்தது. ஆடம்ஸ் வாயசைப்பார், வேறொரு நடிகர் குரல் கொடுப்பார்! ஒரு பக்கம் அந்தக் கூத்து, மறுபக்கம் செய்தி போய் வந்துகொண்டிருந்தது. 1994இல் ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம், 1998 ஏப்ரல் 10இல் பெல்ஃபாஸ்ட் சமாதான ஒப்பந்தம், 2005இல் ஆயுதங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டன. ஆடம்ஸுக்குக் கிடைத்த கௌரவத்தால் பிரிட்டன் எதை இழந்தது?

தென்பொதிகை:

நல்ல உதாரணம், ஆனால் என் பக்கத்துக்கு. பிரிட்டிஷ் படை பெல்ஃபாஸ்டை விட்டு எந்தத் தேதியில் கிளம்பும் என்று ஐ.ஆர்.ஏ. காத்திருக்கவில்லை. சண்டையில் வெல்ல முடியாது என்று அதன் தலைமைக்குப் புரிந்திருந்தது. பேச்சு மேசைக்கு வரும் கட்சிகள் வன்முறையைக் கைவிடும் மிட்செல் கோட்பாடுகளை ஏற்க வேண்டியிருந்தது, ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தத்தை முறித்திருந்த காலத்தில் ஷின் ஃபெய்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். கடைசியில் இரு பகுதி அயர்லாந்திலும் மக்கள் வாக்கெடுப்பு. தோஹாவில் இவற்றில் எது இருந்தது? தாலிபான் ஆப்கான் படைகளைத் தொடர்ந்து தாக்கிக்கொண்டிருந்தபோதே அமெரிக்கப் படை குறைந்துகொண்டே போய் 2021 ஜனவரியில் 2,500க்கு வந்தது. நிபந்தனை என்று காகிதத்தில் எழுதி, மீறியபோது ஒன்றும் செய்யாதவனோடு எதிரி ஏன் நேர்மையாகப் பேச வேண்டும்? ஜனநாயக நாடுகளுக்கு இந்த நோய் உண்டு: பேசத் தொடங்கிவிட்டால் பேச்சைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும்.

கடலோடி:

நம் அனுபவத்துக்கு வருவோம். 1999 டிசம்பர் 24 அன்று கடத்தப்பட்ட இந்தியாவின் ஐசி 814 விமானம் கந்தஹாரில் நின்றபோது, அந்த மண்ணை ஆண்ட தாலிபானோடு இந்தியாவுக்கு உறவே கிடையாது. அங்கே தூதரகமும் இல்லை. பயணிகள் உயிருக்குப் போராடும் வேளையில் முகம் தெரியாதவர்களோடு முதன்முதலாகப் பேச வேண்டி வந்தது. முடிவில் நம் சிறையில் இருந்த மூன்று பயங்கரவாதிகளை விடுவித்தோம், மசூத் அஸார் உட்பட. அடுத்த ஆண்டே அவர் ஜெய்ஷ் எ முகமதுவைத் தொடங்கினார். பேசாமல் இருந்த கொள்கை நமக்கு ஈட்டிக் கொடுத்தது இதுதான்.

தென்பொதிகை:

அந்தக் காலத்தில் காபூலில் தூதரகம் திறந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தால் மட்டும் மூன்று பேரைக் கேட்காமல் விமானத்தை விட்டிருப்பார்களா? கடத்தியவர்களின் பின்னால் இருந்தது பாகிஸ்தான் என்று நாமேதான் சொல்கிறோம். பாகிஸ்தானோடு நமக்குத் தூதரகம், பஸ், எல்லாமே இருந்தன.

வைகைக்கரையான்:

2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தகி டெல்லிக்கு வந்தார். காபூலில் இருந்த இந்தியத் தொழில்நுட்பக் குழுவை மீண்டும் தூதரகமாக்குவதாக ஜெய்சங்கர் அறிவித்தார். அங்கீகாரம் தரவில்லை, பேச்சு மட்டும் நடக்கிறது. ஆப்கான் தூதரகத்தில் முத்தகி நடத்திய பத்திரிகையாளர் சந்திப்புக்குப் பெண் நிருபர்களை விடவில்லை. இங்கே கண்டனம் கிளம்பியதும், இரண்டு நாளில் இன்னொரு சந்திப்பு நடத்தினார்கள். பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் அவர் வராமலே இருந்திருந்தால் இதுவும் நடந்திருக்காது.

செங்காந்தள்:

டெல்லியில் ஒரு மணி நேரம் பெண்களின் கேள்விக்குப் பதில் சொன்னவர் ஊர் திரும்பிய பிறகு ஒரு பள்ளியாவது திறந்ததா? முன்வரிசையில் உட்கார்ந்த நிருபர்கள் பள்ளிப் படிப்பைப் பற்றியும் கேட்டார்கள். பெண்கல்வி மதத்துக்கு விரோதம் என்று தாங்கள் சொல்லவில்லை, அடுத்த உத்தரவு வரை ஒத்திவைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. 2022 மார்ச்சிலும் இதே பதில்தான். பேசுங்கள், நான் தடுக்கவில்லை. தூதரகம் திறக்கும் அறிவிப்பை முதல் நாளே கொடுத்துவிட்டு, பள்ளியைப் பற்றி நிருபர்களைக் கேட்கவிடுவதைத்தான் கண்டிக்கிறேன். கலீல்ஸாதும் இப்படித்தான் தேதியை முதலில் கொடுத்தார்.

கணக்கர்:

கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு. 2025 ஜூலையிலேயே ரஷ்யா தாலிபான் அரசை முழுமையாக அங்கீகரித்துவிட்டது, பள்ளிகள் மூடிக் கிடக்கும்போதே. சீனா அதற்கு முன்பே அவர்களுடைய தூதரை ஏற்றுக்கொண்டது. அங்கீகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசலாம் என்றால், அதை வைத்திருப்பவர் ஒருவராக இருக்க வேண்டும். மாஸ்கோவில் இலவசமாகக் கிடைப்பதற்கு டெல்லியில் அவர்கள் ஏன் விலை கொடுப்பார்கள்?