"வால்வோன்னா பஸ்ஸுதானே சார்?"

திண்டிவனம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். டீசல் போட வந்த தம்பி முன்பக்க எழுத்தைப் படித்துவிட்டு, "வால்வோன்னா பஸ்ஸுதானே சார், காரும் விடுறாங்களா?" என்று கேட்டான். இந்த வண்டியை வாங்கியதிலிருந்து எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். நம் ஊரில் வால்வோ என்றால் பெங்களூர் போகிற ஏசி பஸ். பெயர் ஒன்று, கம்பெனி வேறு என்று அவனுக்குச் சொன்னேன். 1999-இல் கார் பிரிவை மட்டும் ஃபோர்டு வாங்கியது, 2010-இல் அது சீனாவின் ஜீலி கைக்குப் போனது. பஸ்ஸும் லாரியும் பழைய வால்வோவிடமே இருக்கின்றன.

மனைவியின் மாமாவுக்கு இந்த விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. "இந்தக் காசுக்கு ஒரு பென்ஸ் வாங்கியிருக்கலாமே மாப்ள, தெருவே திரும்பிப் பார்க்கும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. என் தேவைதான் வேறு. வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து திருச்சி போய் வருகிறேன், டிரைவர் கிடையாது, முதுகுவலி உண்டு. நாலைந்து வண்டிகளை ஓட்டிப் பார்த்ததில், இறங்கும்போது இடுப்பைப் பிடிக்காமல் இறங்கியது வால்வோவின் இந்த எக்ஸ்சி60-இலிருந்து மட்டும்தான். 2018 மாடல். புதிதாக 55 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி, மூன்று வருடத்தில் ஏறத்தாழ பாதி விலைக்குக் கிடைத்தது. அதிகம் பேர் தேடாத பிராண்டு என்பதால் மறுவிற்பனை விலை அப்படி விழுகிறது. இரண்டாம் கையாக வாங்குகிறவருக்கு அதுதான் லாபம்.

சொல்ல வேண்டிய விஷயம் அப்பாவைப் பற்றியது. அவர் வாழ்நாளில் சீட் பெல்ட் போட்டதில்லை, அதிலும் பின் சீட்டில் போடச் சொன்னால் கோபம் வரும். 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவில் பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது, பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்ன செய்தியைக் காட்டினேன். "விதி" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார். ஒருநாள் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தபோது பெல்ட் கொக்கியில் பொடி எழுத்தைப் பார்த்து, "1959-னு போட்டிருக்கே, என்னடா இது?" என்றார்.

சொன்னேன். நில்ஸ் போலின் என்று ஒரு எஞ்சினியர். அதற்கு முன் சாப் கம்பெனியில், ஆபத்து வந்தால் விமானியைச் சீட்டோடு வெளியே தூக்கி எறிகிற அமைப்பில் வேலை செய்தவர். வால்வோவுக்கு வந்த அடுத்த வருடமே, தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து ஒரே கையால் மாட்டுகிற பெல்ட்டைச் செய்துவிட்டார். காப்புரிமை வாங்கிய வால்வோ, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. இன்று எந்தக் காரில் ஏறினாலும் மாட்டுவது அந்த மூன்று முனை பெல்ட்தான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "காசு பண்ணியிருக்கலாம், பண்ணலை" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பின் சீட்டில் உட்கார்ந்தாலும் அவரே இழுத்து மாட்டிக்கொள்கிறார்.

இந்த வண்டி வைத்திருப்பவர்கள் நெடுஞ்சாலையில் ஒருவருக்கொருவர் லைட் அடித்துக்கொள்வது உண்டு. அப்படி லைட் அடித்த ஒரு டாக்டரம்மா விக்கிரவாண்டி ஹோட்டலில் வந்து பேசினார். அவரும் தானே ஓட்டுகிறவர். ஏன் இந்த வண்டி என்று கேட்டதற்கு, "எலும்பு முறிவு வார்டில் ராத்திரி டூட்டி பார்த்தா நீங்களும் இதைத்தான் வாங்குவீங்க" என்றார். போன மாதம் செங்கல்பட்டு அருகே முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. முதலில் பெல்ட் என்னைப் பின்னுக்கு இழுத்தது, என் கால் பிரேக்கை அழுத்துவதற்குள் வண்டியே பிடித்துவிட்டது. அந்த டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஏசியைக் கூட்டிக் குறைக்கக்கூட திரையைத்தான் தொட வேண்டும். ஓடும்போது அது எரிச்சல். முன் கண்ணாடியில் கல் பட்டு விரிசல் விட்டபோது, பணிமனையில் புதுக் கண்ணாடி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை ஆட்டோவில் அலைந்தேன். ராமநாதபுரத்து நண்பர் ஒருவர் ஒவ்வொரு சர்வீஸுக்கும் சென்னைக்கு ஓட்டி வருவார். போக ஒரு நாள், வர ஒரு நாள். இரண்டு வருடத்தில் விற்றுவிட்டார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

வாங்க நினைப்பவர்கள் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே பணிமனைக்கு போன் போட்டு, முன் கண்ணாடி என்ன விலை, எத்தனை நாளில் வரும், டயர் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்காமல்தான் வாங்கினேன்.